கயிற்றில் ஒரு வெற்றிடம்

தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து, வடமராட்சி கிழக்கில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வாசிகசாலைச் சுவரில், கரையில் வரிசையாக நின்று கயிறு பிடித்துக் கரைவலை இழுப்பவர்களை வரைந்து தரும்படி ஊரவர்கள் கேட்டார்கள். உடனே ஒப்புக்கொண்டேன்.

என்னிடம் பழைய ஓவியப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் நூற்றாண்டுக் கணக்காக ஒரே கதைதான்: அரசர்களுக்கு முகம், உழைப்பவர்களுக்கு முதுகு. கதிர் பொறுக்கும் பெண்களும் சரி, கல் உடைப்பவர்களும் சரி, குனிந்தபடியே காலத்தைக் கழித்திருந்தார்கள். எனக்கு அதைப் பார்க்க எரிச்சல். நானாவது முகம் வரைவேன் என்று வீம்புக்குக் கடற்கரையில் போயிருந்து ஒவ்வொருவராகப் பார்த்து வரைந்தேன்.

கயிற்றில் மூன்றாவது ஆளுக்குப் பின்னால் ஓர் இடம் எப்போதும் காலியாக இருந்தது. படத்தில் அது விழுந்த பல்லைப் போல அசிங்கமாகத் தெரிந்தது. யாரையும் கேட்காமல் அங்கே ஒருவனை நிறுத்தினேன். பார்த்து வரைய ஆளில்லை; அதனால் முதுகு மட்டும்.

மறுநாள் ஓர் இளம்பெண் சுவரின் முன் நின்றாள். வைகாசியில் வள்ளத்தில் கடலுக்குப் போன அவள் கணவன் திரும்பவில்லை. சொந்தக்காரர் வற்புறுத்தியும் அவள் விதவைக்குரிய கறுப்பு உடுக்கவில்லை. மனைவி கறுப்பு உடுக்கும்வரை, கணவன் கயிறு பிடித்த இடத்தில் அந்த ஊரில் யாரும் நிற்பதில்லை. அந்த வழக்கம் எனக்கு அன்றுதான் தெரியவந்தது.

“மாஸ்டர், நீங்கள் என்ரை மனுசனைக் கண்டனீங்களோ?”

“இல்லை, தங்கச்சி. இது சும்மா ஒரு முதுகு.”

“வலக்குதியைத் தூக்கிக்கொண்டு இழுக்கிறது அவர் மட்டுந்தான்.” அவள் படத்தில் தூக்கியிருந்த குதிகாலைத் தொட்டாள். “எங்கடை வீடுகளிலை செத்த ஆக்களைத்தான் படமாய் மாட்டுறது. அவரை அழிச்சுவிடுங்கோ.”

அந்தக் குதியை ஏன் அப்படி வரைந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போர்க்காலப் பொருளாதாரத் தடையால் நல்ல பெயின்ற் கிடைக்காத காலம். நீலத்தூளைச் சுண்ணாம்பில் கரைத்து, அவன்மேல் கடலைப் பூசினேன். மாரி தொடங்கியது. சுவர் ஊறியதும் நீலத்துக்குள் முதலில் குதி தெரிந்தது, பிறகு தோள். வெயிலுக்கு மறைந்தான். மீண்டும் பூசினேன்; அடுத்த மழைக்கு மறுபடியும் வந்து நின்றான். நனைந்த சுண்ணாம்பு அடியில் இருப்பதைக் காட்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் தனியாகப் போகப் பயந்தேன்.

ஒவ்வொரு மழைக்கும் அவள் வந்து பார்த்தாள். ஒருநாள் அவளைக் கண்டு வாளியுடன் போனேன்.

“இன்னொருக்காப் பூசிவிடுறன், தங்கச்சி.”

“வேண்டாம் மாஸ்டர். நனைஞ்சால்தானே வாறார். அவர் தண்ணிக்குள்ளைதான் கிடக்கிறார்.”

ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பூசைக்கு அவள் கறுப்புச் சேலையில் வந்தாள். அடுத்த நாள் கரையில், மூன்றாவது ஆளுக்குப் பின்னால் அவளுடைய தம்பி கயிறு பிடித்து நின்றான். அவனுடைய இரண்டு குதிகளும் மணலில் பதிந்திருந்தன.