சந்தனப் பொட்டு வைத்த நோட்டு

முனிரத்தினம் போய்விட்டார் என்று பொதட்டூர்பேட்டை பஸ் கண்டக்டர் வந்து சொன்னபோது தேங்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். “எந்த முனிரத்தினம்?” என்று கேட்டேன். இருபது வருடம் மலைக்கோயிலில் என் தேங்காய்க் கடைக்குப் பக்கத்திலேயே பக்தர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டவர். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்னும் எனக்கே புரியவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய நோட்டையும் தெரியும். காரில் மலையேறும் சினிமாக்காரர்களும் பாட்டுக்காரர்களும் செருப்பை அவரிடம்தான் விட வேண்டும். தரிசனம் முடிந்து திரும்பினால் ஒரு கையில் செருப்பும் மறு கையில் நோட்டுமாக நிற்பார். கையெழுத்து விழுந்த பிறகே செருப்பு தரைக்கு வரும். பெரிய பெரிய ஆட்கள் வெயிலில் கால் சுட்டுக் குதித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டதை நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

“இன்னாத்துக்குய்யா இது?” என்றேன் ஒருநாள்.

“நெலம் வாங்கினா வரப்புச் சண்டை வரும் பாவா. இது சும்மா குந்திகினே வெல ஏறும். என் பொண்ணுக்கு இதான் சொத்து.”

மச்சான் முறை வைத்து என்னைப் “பாவா” என்றுதான் கூப்பிடுவார். அவர் சொன்னது எனக்கு அன்றும் விளங்கவில்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் பெயர்கூட எழுத மாட்டார். வேறு கை பட்டால் மதிப்புப் போய்விடுமாம். ஓரத்தில் சந்நிதிச் சந்தனத்தால் ஒரு பொட்டு வைப்பார், அவ்வளவுதான்.

ஒரு ஆடிக் கிருத்திகையின்போது அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பெரிய நடிகர் ஒருவர் வருகிறார் என்று நோட்டை என்னிடம் கொடுத்தனுப்பினார். கூட்டத்தில் என்னால் நெருங்க முடியவில்லை, கார் போய்விட்டது. வெறும் நோட்டோடு அவர் முகத்தில் விழிக்க மனமில்லாமல், நடுவில் ஏதோ ஒரு வெற்றுப் பக்கத்தில் நடிகரின் கையெழுத்துபோல நானே கிறுக்கினேன். சந்தனம் மட்டும் வைக்கவில்லை. சாமி விஷயம், பயம். அவர் வாங்கி வெகுநேரம் பார்த்தார். “இது ஒண்ணு போதும் பாவா” என்றார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

காரியம் முடிந்த மறுவாரம் அவர் மகள் அமுதா நோட்டோடு கடைக்கு வந்தாள். அவள் வீட்டுக்காரர் அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்கிறார். சொந்தமாக ஒரு பவர்லூம் போட வேண்டும் என்பது அவள் ஆசை.

“மெட்ராஸ்ல ஒருத்தர் வாங்கிக்கறேன்றார் மாமா. ஒண்ணு பொய்யா இருந்தாலும் மொத்தமும் வேணாமாம். நீங்கதான கூட இருந்தீங்க, எல்லாம் நெஜந்தான?”

சொல்லிவிட்டேன். “பொட்டு இல்லாத பக்கம் என்னுதும்மா. அத்தக் கிழிச்சிட்டு மீதிய வித்துடு” என்றேன்.

இருவரும் புரட்டினோம். முதலிலிருந்து கடைசிவரை, பிறகு கடைசியிலிருந்து முதல்வரை. பொட்டு இல்லாத பக்கமே இல்லை. எல்லாக் கிறுக்கலும் ஒன்றுபோலவே இருந்தன. என் கையை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“உங்க பக்கத்துலயும் நைனா பொட்டு தெரிஞ்சே வெச்சாரா மாமா, தெரியாம வெச்சாரா?”

அவள் நோட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். “எதுன்னு தெரியாம எத்தக் கிழிக்கறது? வேணாம், இருக்கட்டும்” என்று பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவளுக்கு வர இருந்த தறியை நான்தான் நிறுத்திவிட்டேன்.

முனிரத்தினத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். “இது ஒண்ணு போதும் பாவா.” அந்த நடிகரை நினைத்துச் சொன்னாரா, என்னைப் பார்த்துச் சொன்னாரா? பக்கத்து இடத்தில் இப்போது வேறு யாரோ செருப்புப் பார்க்கிறார். நான் இன்னும் அந்தப் பக்கம் திரும்பி, முனிரத்தினத்திடம் கேட்க வாயெடுக்கிறேன்.