கடைசிப் புள்ளிக்கு அப்பால்

கவராயத்தின் ஊசிமுனையைப் பஞ்சால் துடைத்த பிறகுதான் அக்கா வட்டம் போடுவார். காகிதத்துக்குச் சீழ் பிடித்துவிடுமா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "பழகின கை தம்பி, சொன்னா கேக்காது" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு முறை துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை வகுப்பில் எல்லோருக்கும் அவர் வார்டு அக்கா. பதினாறு வருடமாக ஆஸ்பத்திரிப் பொது வார்டில் உதவியாளர். விரிப்பு மாற்றுவார், நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைப்பார், நர்ஸுகளுக்குக் கை ஓயாத நேரத்தில் காய்ச்சல் பார்த்து அட்டையில் புள்ளியும் வைப்பார். பள்ளியில் கோட்டை விட்ட கணக்குப் பரீட்சையை இப்போது மூன்றாம் முறையாக எழுதுகிறார். தேறினால் நர்ஸ் பயிற்சியில் சேரலாம். அதற்கான வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. அச்சகத்தில் தாள் வெட்டும் நான் தோற்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அவருக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

வடிவியலில் அவரை அசைக்க ஆளில்லை. மகளிடம் இரவல் வாங்கிய பெட்டியில் கோணமானி பாதி உடைந்து கிடக்கும். அது இல்லாமலே முப்பது டிகிரி, நாற்பத்தைந்து டிகிரி என்று கோடு இழுப்பார். கணக்கு சார் அளந்து பார்த்தால் ஒன்றிரண்டு டிகிரிதான் தப்பியிருக்கும்.

"கட்டில் தலைமாட்டை இவ்வளவு தூக்கினாத்தான் மூச்சு வாங்குறவங்க கொஞ்சம் கண்ணசருவாங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்கறேன் சார்!"

மையக்குத்துக்கோடு என்ற பெயர் மட்டும் அவர் வாயில் நுழையாது. "விரிப்பை மடிச்சு நடு பாக்கிறதுதானே? ரெண்டு பக்கமும் சமமா தொங்கணும்" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பிடிபட ஒரு மாதம் ஆனதை இரண்டு வில்லில் முடித்துவிடுவார். பொறாமையாகத்தான் இருந்தது.

கிராப் தாளிலும் புள்ளிகளை முத்து முத்தாக வைப்பார். ஸ்கேல் வைத்து நேராகச் சேர்ப்பார். கடைசிப் புள்ளி வந்ததும் பென்சிலை எடுத்துவிடுவார்.

"அங்கேயே நிறுத்தக் கூடாதுக்கா. ரெண்டு பக்கமும் நீட்டி அம்புக்குறி போடணும்" என்பார் சார். அக்காவைவிடப் பத்து வயது சின்னவர்.

"கடைசிப் புள்ளிக்கு அப்புறம் என்ன ஆகும்னு நமக்கு எப்படி சார் தெரியும்?"

"சமன்பாடுதான் சொல்லுதே!"

"எங்க வார்டுக்கு யாரும் சமன்பாடு எழுதி எடுத்துட்டு வர்றதில்லையே சார்."

வகுப்பே சிரித்தது, நானும்தான். இடைவேளையில் டீ குடிக்கும்போது அக்கா சொன்னதைக் கேட்ட பிறகு, ஏன் சிரித்தோம் என்றிருந்தது.

"அஞ்சாம் நம்பர் கட்டில்ல ஒரு பெரியவர். காய்ச்சல் நூத்தி மூணு, நூத்தி ரெண்டு, நூறுன்னு அழகா இறங்கிட்டு வந்துச்சு. சாயங்காலம் தொண்ணூத்தொன்பதுதான் இருக்கும்னு மத்தியானமே நான் புள்ளி வெச்சிட்டேன் தம்பி. வேலை மிச்சம்னு. அவர் பொண்ணு அட்டையைப் பாத்துட்டு, நிம்மதியா வீட்டுக்குப் போயிட்டு வரேன்னு கிளம்பிச்சு. அது திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

டீ ஆறிப்போகும் வரை டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

மாதிரித் தேர்வில் கடைசிப் புள்ளியோடு நிறுத்தும் அந்தப் பழக்கமே அவரைக் கவிழ்த்தது. இரண்டு கோடுகள் வரைந்து அவை வெட்டும் இடத்தைச் சொல்ல வேண்டும், பத்து மதிப்பெண். அவருடைய இரண்டு கோடுகளும் தத்தம் கடைசிப் புள்ளியோடு நின்றன. கீழே 'விடை இல்லை' என்று எழுதியிருந்தார்.

"ரெண்டும் சேரலை சார்."

"நீங்க சேர விடலைக்கா."

வெளியே வரும்போது அக்கா என்னிடம் சொன்னார்: "சார் சொல்றது சரிதான். உடம்பு நம்ம பேச்சைக் கேக்காது, கோடு கேக்கும். கோட்டுக்கு ஏது காய்ச்சல்? மண்டைக்குப் புரியுது தம்பி, கை வரமாட்டேங்குதே."

போன வாரம்தான் பரீட்சை. அவருக்குப் பக்கத்து வரிசையில் எனக்கு இடம். காப்பியடித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு வந்த கேள்வித்தாளே வேறு. முடிக்கப் பத்து நிமிடம் இருந்தபோது திரும்பிப் பார்த்தேன். கிராப் தாளில் இரண்டு கோடுகள், ஒன்றையொன்று நெருங்கிவந்து, சேராமல் நின்றிருந்தன. அக்கா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பெட்டியைத் திறந்தார். ஒரு துளி பஞ்சை எடுத்துப் பென்சில் முனையைத் துடைத்தார். ஸ்கேலை வைத்து, நாடி பார்ப்பதுபோல் மூன்று விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடைசிப் புள்ளியைத் தாண்டித் தாளின் ஓரம் வரைக்கும் கோட்டை இழுத்தார்.