இன்னைக்கு என்ன கறி?

எண்பதுகளில் மலேசியாவில், ஈப்போவில் ஒரு தையல் ஆலையில் வேலை பார்த்தேன். ஷிப்ட் முடிந்து புந்தோங் வீட்டுக்கு வந்தால் கால் இரண்டும் மரத்துப்போயிருக்கும். லாரி ஓட்டும் அண்ணன் வாங்கி வைத்த சி.பி. ரேடியோ முன்னால்தான் போய் விழுவேன். பொத்தானை அழுத்திப் பேசினால் அடுத்த ஊரான சுங்கை சிப்புட் வரை கேட்கும். அதில் யாரும் சொந்தப் பெயர் சொல்வதில்லை. லாரிக்காரர்கள், கடைக்காரர்கள், என்னைப் போல அலுத்துப்போனவர்கள். என்ன கிடைக்கிறதென்று தினமும் அங்கே கூடினோம் என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து ஒருவர் ரேடியோவில் வருவார். வந்ததும் ஒரே கேள்வி: "இன்னைக்கு என்ன கறி?" எப்படி வைத்தோம் என்பது வரை விடமாட்டார். சாப்பாட்டு ராமன் என்று சிரிப்போம். ஒரு நாள் களைப்பில் நானே கேட்டுவிட்டேன்.

"ஏண்ணே, தெனமும் இதையே கேக்குறீங்க?"

"வீட்டுல அவளுக்குக் கைகால் விழுந்துபோச்சு தங்கச்சி. கஞ்சிதான் எறங்குது. நீங்க பேசுறத பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டு இருக்கா. அவளுக்காகத்தான் லா."

அதற்குப் பிறகு எல்லோரும் சமைத்தார்கள். கடையில் ரொட்டி சானாய் தின்ற லாரிக்காரர் மீன்கறி வைத்ததாகச் சொன்னார். வெறும் முட்டை பொரித்த நாளில் நான் மாங்காய் போட்ட நெத்திலிச் சம்பால் என்றேன், புளி கரைத்ததையும் சேர்த்து. அன்று ஒரு பெண் குரல் குழறிக்கொண்டு வந்தது: "மாங்கா போட்டா... புளி எதுக்கு தங்கச்சி?"

அதுவரை அந்த அக்காவின் குரலை நாங்கள் கேட்டதே இல்லை.

மழைக்காலத்தில் அந்த அக்கா தவறிவிட்டார். என் அண்ணன் லாரியில் நாங்கள் சிலர் போனோம். குரலால் மட்டும் பழகியவர்கள் அன்றுதான் முகம் பார்த்துக்கொண்டோம். நான் நினைத்ததைவிட அக்காவின் கணவர் ஒல்லியாக இருந்தார். நாற்காலிகளை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்க, ஒக்காருங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியெல்லாம் மழைச் சத்தம்தான்.

சில வாரம் அவர் குரல் இல்லை. பிறகு ஒரு மாலை வந்தார்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கேண்ணே."

"ஏதாச்சும் பேசிக்கிட்டு இரு தங்கச்சி. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

முதுகு விண்விண்ணென்று வலித்தது. படுத்தால் போதும் என்றிருந்தது. அன்று ஆலையில் என் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.