சிங்கப்பூரிலிருந்து பாயும் தண்ணீர்

பேராவூரணிக்குப் போகும் வழியில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. காலை ஒன்பதரைக்கே வெயில் சுடுகிறது. முகம் கழுவலாம் என்று சாலையோரத்துப் பம்ப்செட்டுக்கு இறங்குகிறேன். கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. வரப்பில் மண்வெட்டியோடு ஒரு பெண் நிற்கிறார். மோட்டார் போடச் சொல்லலாமா என்று நான் தயங்கும்போதே, பூட்டிய கொட்டகைக்குள் மோட்டார் உறுமுகிறது. தொடை கனத்துக்குத் தண்ணீர் தொட்டியில் வந்து விழுகிறது. திடுக்கிட்டுப் பின்வாங்குகிறேன்.

"பயப்படாதீங்க, எங்க வீட்டுக்காரர்தான்" என்று அவர் சிரிக்கிறார். "சிங்கப்பூர்ல கட்டட வேலை. அங்க இப்ப சாப்பாட்டு நேரம். செல்லுலேருந்தே போட்டு விடுவாரு."

இரண்டு கையாலும் அள்ளுகிறேன். கடலுக்கு அப்பால் யாரோ ஒருவர் சோற்றுப் பொட்டலத்தின் முன் உட்கார்ந்து, ஒரு விரலால் மண்ணுக்கடியிலிருந்து எழுப்பிய தண்ணீர். முகம் கழுவுகிறேன்.

"அங்க ரூமுக்குப் பன்னெண்டு பேரு. குளிக்க வரிசையில நிக்கணும். அந்த ஊரு வெலவாசிக்கு ஒரு தண்ணி பாட்டில்கூட வாங்க மாட்டாரு."

அவர்களுடைய வயலைப் பார்க்கிறேன். பயிர் ஏற்கெனவே தண்ணீரில்தான் நிற்கிறது. இவர் மடையைத் திருப்பிவிட்டிருக்கிறார். தண்ணீர் பக்கத்து வயலுக்குப் பாய்கிறது.

"உங்க வயலுக்கு வேண்டாமா?"

"நேத்துப் பேஞ்ச மழையே போதுங்க."

"அதை அவர்கிட்ட சொல்லலையா?"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, ஓடுகிற தண்ணீரையே பார்க்கிறார்.

"சொன்னா போட மாட்டாரே. அஞ்சு வருஷமா இந்த வயல்ல அவரு பாக்குற வேலை இது ஒண்ணுதாங்க."