சுவரில் மூன்று கோடுகள்

என் மகன் சுரேஷ் மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமையில்தான் பெங்களூரிலிருந்து போன் செய்வான். அன்று புதன்கிழமை. பகல் பதினொரு மணிக்கே அவன் குரல் கேட்டது. "அம்மா, ஸ்டெல்லா ஆன்ட்டி தவறிட்டாங்கம்மா. நேத்து சாயங்காலம். ரோஸி போன் பண்ணா. நான் நாளைக்குக் காலைல வரேன்" என்றான். ரோஸி எதற்கு அவனுக்குப் போன் செய்தாள் என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, "நான் ஆன்ட்டிக்கு லெட்டர் எழுதுவேம்மா. எப்பவுமே" என்றான். ஸ்டெல்லாக்கா இருந்தது மேனாம்பேட்டில், நான் இருப்பது ஐயப்பன்தாங்கலில். இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். ஒன்பது வருஷமாக நான் போகவில்லை. போனை வைத்துவிட்டு, அழுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு அழுதேன்.

ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் எங்களோடு குடியிருந்த உங்களில் பலருக்கு ஸ்டெல்லாக்கா 'பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பாத பொம்பளை'. பெயர்கூடத் தெரியாமல் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பட்டத்தை ஊரெல்லாம் பரப்பியவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இதை வேறு யாரும் எழுதுவதற்கு முன் நான் எழுதுகிறேன். அவர் கணவர் ஃபாக்டரியில் ஃபிட்டர், என் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை. எங்கள் இரண்டு வீட்டுக்கும், அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும், ஒரே குழாயடி. நான் பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், ரோஸியும் அவள் தம்பியும் பள்ளிக்கு வரவில்லை. ரோஸி வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிற பெண். எங்கள் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "உங்க பக்கத்து வீடுதானே, நாலு வார்த்தை நல்லதா சொல்லிட்டு வாங்க" என்றார். கஞ்சி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு, தூது போகிறவளின் மிடுக்கோடு போனேன். ஸ்டெல்லாக்கா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "இன்னா டீச்சர், பெரிய டீச்சர் அனுப்புனாங்களா? உக்காரு. காபி குட்ச்சிட்டுத் திட்டு" என்றார்.

காபியைக் குடித்துவிட்டுத் திட்டத்தான் செய்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நாலு வயசுலேர்ந்து இந்தப் பொண்ணு என்ன தூங்க வுடல டீச்சர். நிலா ஏன் கூடவே வருது, சங்கு ஊதலன்னா ஃபாக்டரில எல்லாரும் வூட்டுக்கு வர மாட்டாங்களா, இப்டியே கேட்டுகினு கெடப்பா. ஏழாங்கிளாஸ் வந்ததுலேர்ந்து ஒண்ணுமே கேக்கறதில்ல. ரேங்க் மட்டும் ஃபஸ்ட்டு. எனக்குப் பயமாக் கீது." கேள்வி கேட்டுப் பழகத்தானே பள்ளிக்கூடம் என்றேன். "அங்க நீங்கதான கேக்கறீங்க. பதில் தெரிஞ்சிகினே கேக்கறது ஒரு கேள்வியா?" என்றார். பதினான்கு வருஷம் பாடம் நடத்தியவளுக்குச் சுருக்கென்று தைத்தது. திரும்பிப் போய், அந்த அம்மாவுக்குத் திமிர் என்று தலைமை ஆசிரியையிடம் சொன்னேன்.

ஆனால் குழாயடி ஒன்றுதானே, பேச்சு நிற்கவில்லை. எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம் என்று எங்கோ விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்தார். தான் பாஸ் செய்த எஸ்.எஸ்.எல்.சி. அத்தனையும் மறந்துபோயிருந்தது. ரோஸியின் புத்தகத்தை முதலில் தான் படித்துவிட்டு, குடத்தோடு நோட்டையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வருவார். "இந்த எக்ஸு மேல எனக்கு நம்பிக்கையே இல்ல டீச்சர். இந்தக் கணக்குல அஞ்சுன்றான், அடுத்ததுல ஏழுன்றான்" என்று சண்டை பிடிப்பார். பின்னால் குடத்தோடு வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்க, எக்ஸுக்காக நான் வாதாடுவேன். அவர் கணக்கில் கடைசிவரை மட்டம்தான். வேண்டுமென்றால் ரோஸியைக் கேட்டுப் பாருங்கள்.

அவர் அடுக்களைச் சுவரில் தினமும் காலையில் சாக்பீஸால் மூன்று கோடு போட்டிருக்கும். பால் கணக்கு என்று நினைத்திருந்தேன். ரோஸிக்குப் பதின்மூன்று முடிந்த அன்று தொடங்கிய பழக்கமாம். ஒரு நாளைக்கு மகளிடம் அம்மா மூன்று கேள்விதான் கேட்கலாம். ஒன்று கேட்டால் ரோஸி வந்து ஒரு கோட்டை விரலால் அழித்துவிடுவாள். 'சாப்பிட்டியா'வும் கேள்விதான், 'எங்க போற'வும் கேள்விதான். முதல் வாரம் பூராவும் காலை எட்டு மணிச் சங்குக்கு முன்பே மூன்றும் தீர்ந்து, பாக்கி நாள் முழுக்க வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தாராம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "சிரி டீச்சர். பதிமூணு வயசுக்கு மேல புள்ளைய வளக்க முடியாது. பக்கத்துல இருக்கலாம், அவ்ளோதான். நாம நிறுத்துனாத்தான் அதுங்க ஆரம்பிக்கும்" என்றார்.

ரோஸி பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்த மத்தியானம் நான் அங்கே இருந்தேன். சுவரில் ஒரு கோடுகூட இல்லை. காலையிலேயே ஹால் டிக்கெட், பேனா, ரப்பர் என்று மூன்றையும் செலவழித்திருந்தார். பெண் வாசல்படி ஏறுகிறாள், எனக்கு நாக்கு துறுதுறுக்கிறது, ஸ்டெல்லாக்கா என் கையைப் பிடித்து அழுத்துகிறார். முறத்தில் பட்டாணியைக் கொட்டி உரிக்கத் தொடங்கினார். ரோஸி வந்து எதிரே உட்கார்ந்து தானும் இரண்டு உரித்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். பரீட்சையைப் பற்றி ஐந்து நிமிஷம், பயத்தைப் பற்றி, பக்கத்தில் உட்கார்ந்து அழுத பெண்ணைப் பற்றி, இனி என்ன செய்யலாம் என்பதைப் பற்றி ஒரு மணி நேரம். என் மகன் என்னிடம் அவ்வளவு நேரம் பேசி எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அவர் வழி தவறே இல்லாதது என்று சொல்ல வரவில்லை. அதை அவரே சொல்ல விடமாட்டார். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளை நாம் அந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. கிறிஸ்துமஸ் கேக்கை வாங்கிக்கொண்டோம், பொங்கலுக்கு அவர்களைக் கூப்பிட மறந்தோம். சாயங்காலம் மைதானத்தில் எல்லாரும் விளையாடும்போது ரோஸியின் தம்பி சுவரில் தனியாகப் பந்தடித்துக்கொண்டிருப்பான். அதைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "படிப்பு குடுத்துட்டேன் டீச்சர். கூட்டாளி குடுக்க முடியல. அது கடையில கெடைக்கல." அப்போது சுரேஷை அனுப்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சுரேஷ் தானாகவே போனான். அவன் பத்தாம் வகுப்பில் என் மாணவன். காலாண்டுத் தேர்வில் கணக்கில் தோற்றான். டீச்சர் மகன் என்று சலுகை காட்டியதாக யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, அவன் மார்க்கைத்தான் வகுப்பில் முதலில் படித்தேன். அன்றிலிருந்து சாயங்காலமானால் ஸ்டெல்லாக்கா வீட்டில் இருப்பான். என் வீட்டில் 'ம்', 'இல்ல', அவ்வளவுதான் பேச்சு. ஒரு மாதம் பொறுத்துவிட்டு அவரிடம் போய், அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். "அவன் சொன்னது எங்கிட்டயே இருக்கட்டும் டீச்சர். நீ கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் கேக்காம சும்மா இரு, உங்கிட்டயே வருவான்" என்றார். என் பிள்ளை எனக்கே இல்லை என்கிறாயா என்று தெரு கேட்கக் கத்தினேன். உன் பிள்ளைகள் தற்குறியாகத்தான் போகும் என்றும் சொன்னேன். அந்த வருஷமே அவர் கணவர் ஓய்வு பெற்று, குடும்பம் மேனாம்பேட்டுக்குப் போய்விட்டது. லாரியில் சாமான் ஏற்றியதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுரேஷ் படித்தான், பெங்களூரில் வேலைக்குப் போனான். நாங்கள் குவார்ட்டர்ஸை விட்டு ஐயப்பன்தாங்கலுக்குக் குடிவந்தோம். இரண்டு வருஷம் முன்பு என் வீட்டுக்காரரும் போய்விட்டார். பக்கத்து பஸ் டிப்போவிலிருந்து முதல் பஸ் கிளம்பும் சத்தம்தான் இப்போது என்னை எழுப்புவது. நாள் முழுக்க என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மாதத்துக்கு ஒரு முறை வரும் போனில் நான் இருபது கேள்வி கேட்பேன். அவன் 'ம்' சொல்லி முடிப்பான்.

அடக்கத்தன்று ரோஸி என்னைக் கட்டிக்கொண்டாள். இப்போது அவள் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். "அம்மா உங்களப் பத்திப் பேசிகினே இருப்பாங்க டீச்சர். எக்ஸு கணக்கு சொல்லிக் குடுத்தவங்கன்னு" என்றாள். தெருவே கேட்ட அந்தச் சண்டையை அவர் வீட்டில் மறுபடி எடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. சவப்பெட்டி அருகே நின்று மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்க அவர் இல்லை.

மறுநாள் விடிந்ததும் என் அடுக்களைச் சுவரில் மூன்று கோடு போட்டேன். டீச்சர் வீட்டில் சாக்பீஸுக்கா பஞ்சம்? சுரேஷ் எழுந்து வந்து அதைப் பார்த்தான். அவன் முகம் என்னவோ போல் ஆயிற்று. "காபியா, டீயா?" என்றேன். ஒரு கோட்டைக் கட்டை விரலால் அழித்தான். "எத்தனை மணிக்கு டிரெயின்?" இன்னொன்றையும் அழித்தான். மூன்றாவதை நான் கேட்கவில்லை. அன்று ஸ்டெல்லாக்காவிடம் போய் நான் கேட்ட அதே கேள்விதான் அது என்று அவனுக்கும் தெரியும். நான் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். அவன் எதிரே உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டான்.

"அன்னிக்கு மார்க் படிச்சியே, அப்புறம் நேரா அவங்க வீட்டுக்குத்தான் போனேன். ஒண்ணும் கேக்கலம்மா. பட்டாணி உரின்னாங்க" என்றான். பிறகு நெடுநேரம் பேசினான். என்னைப் பற்றிய கோபத்தையும் பேசினான். நான் குறுக்கே பேசவில்லை. முறத்தில் வெங்காயம் தீர்ந்த பிறகு, தலையைக் குனிந்தபடியே கேட்டான்: "தனியா இருக்கியேம்மா, எப்படிம்மா இருக்க?"

எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னிடம் ஒரு கேள்வி! கேட்டவனுக்கு அதன் பதில் தெரியாது. பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது, அவன் காத்திருந்தான்.

ஸ்டெல்லாக்கா, நீங்கள் எனக்கு விட்டுப் போனது ஒரு கோடு. சுவரில் இன்னும் இருக்கிறது. நான் அதை அழிக்கவில்லை.