விரலில் மிஞ்சும் க்ரீம்

துரைராஜ் அங்கிள் டப்பாவில் விரலை விட்டால் க்ரீம் அளவாக வராது. ஒரு முகத்துக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு வந்துவிடும். நெற்றி, மூக்கு, கன்னம் என்று பூசி முடித்த பிறகும் விரல்நுனியில் ஒரு வெள்ளைக் குமிழ் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே அறையிலிருந்து வெளியே வருவார்.

மல்காஜ்கிரியில் அவர்கள் கீழே, நாங்கள் மாடியில். இன்டர், அதாவது ப்ளஸ் டூ, முடித்துவிட்டு வீட்டிலேயே இருப்பதால் எனக்கு இதெல்லாம் தெரியும். அங்கிள் சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். எஞ்சினில் ஓட்டுநர் உட்காருவது இடது பக்கம். அதனால் அவருடைய இடது கன்னம் வலது கன்னத்தைவிடக் கறுப்பு, சொரசொரப்பு. "இது ரயில்வே கன்னம், அது வீட்டுக் கன்னம்" என்பார். போட்டோ எடுத்தால் வீட்டுக் கன்னத்தைத்தான் காட்டுவார்.

ஆற்காட்டுப் பக்கமிருந்து வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம். பேச்சின் நடுவே ஆமாவுக்கு 'ஹவ்', வேண்டாமுக்கு 'நக்கோ', ஏனுக்குக் 'கைக்கு' என்று ஹைதராபாத் உருது விழும். சாமியிடமும் அப்படித்தான் பேசுவார் என்பார் அவர் மனைவி வேதா ஆன்ட்டி.

அந்த வீட்டுக் கண்ணாடிக்குக் கீழே எப்போதும் ஒரே ஒரு க்ரீம் டப்பா இருக்கும். குளிர் தொடங்கும்போது வாங்கினால் சிவராத்திரி வரை வரும். ஆண் முகத்துக்கு ஒன்று, பெண் முகத்துக்கு ஒன்று என்ற பிரிவினை அங்கே வந்திருக்கவில்லை.

"அப்பல்லாம் ட்யூட்டிக்குக் கூப்பிட வேளகெட்ட வேளைல ஆள் வந்து நிப்பான். டிசம்பர்ல காஜிபேட் வரைக்கும் தலைய வெளிய நீட்டிட்டுப் போனா மூஞ்சி அப்பளம்தான். அள்ளிப் பூசிக்கிட்டு ஓடுவேன். மிஞ்சறத இவ கன்னத்துல தடவிட்டுப் படி எறங்கிடுவேன்."

"தடவினாரா? செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கற மாதிரி அப்பிட்டுப் போவாரு" என்று ஆன்ட்டி உள்ளேயிருந்து சொல்வார். "அதோடவே பால் வாங்கப் போய் நின்னேன். பால்காரன் சிரிக்கறான்."

ஓய்வு பெற்ற பிறகு எந்த ரயிலும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஆனாலும் அள்ளுவதும், மிஞ்சுவதும், சமையலறை வாசலில் நின்று ஆன்ட்டியின் கன்னத்தில் வைப்பதும் நிற்கவில்லை. கையில் மாவு இருந்தால் ஆன்ட்டி முகத்தை மட்டும் நீட்டுவார். அடுப்பிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

போன குளிர்காலத்தில் ஆன்ட்டிக்கு இரண்டு கன்னமும் சிவந்து தடித்துவிட்டன. தோல் டாக்டரம்மா அந்த டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஷேவிங் லோஷன் வாசனை. அங்கிள் லோஷனை உள்ளங்கையில் ஊற்றி முகத்தில் அறைந்துகொண்டு, அதே ஈர விரலைத்தான் டப்பாவுக்குள் விடுவார். காலம் காலமாக அப்படித்தான். முன்பெல்லாம் ஆன்ட்டியின் தோல் தாங்கியது. வயது ஏறி, பசை வற்றி மெலிந்த பிறகு தாங்கவில்லை. இனி முகத்துக்கு எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறெதுவும் கூடாது என்றார் டாக்டர்.

அவர்கள் மகள் ஹர்ஷிதா அக்கா ஜீடிமெட்லாவில் மருந்து கம்பெனியில் வேலை செய்கிறார். அன்று மாலையே இரண்டு ட்யூப் வாங்கி வந்தார். கறுப்பு அங்கிளுக்கு. வாசனையே இல்லாத வெள்ளை ஆன்ட்டிக்கு.

"டாடி, ஜென்ட்ஸ் ஸ்கின் திக். ஆயில் ஜாஸ்தி. மம்மிது அப்படி இல்ல. உங்க க்ரீம் கையோட மம்மி ஃபேஸ் டச் பண்ணாதீங்க, ஓகேனா?"

"கைக்கு? நான் இன்னா ஆசிடா?" என்றார் அங்கிள். யாரும் சிரிக்கவில்லை. லோஷனை அன்றோடு விட்டுவிட்டார்.

ஆன்ட்டியின் கன்னம் ஆறிவிட்டது. அங்கிளுக்குப் பயம் போகவில்லை. ட்யூபைப் பிதுக்கினாலும் அதே இரண்டு மடங்குதான் வருகிறது. திரும்ப உள்ளே தள்ளவும் முடியாது. மிச்சத்தை முழங்கையில் தேய்ப்பார், ஸ்கூட்டர் சீட்டில் தேய்ப்பார். ஒரு நாள் கேட் தாழ்ப்பாளுக்குப் பூசிக்கொண்டிருந்தார். "சத்தம் போடுது" என்றார்.

ஆன்ட்டியும் பழக்கத்தில் அடுப்படியிலிருந்து முகத்தைத் திருப்பிவிட்டு, சும்மா மறுபடி திரும்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். "முன்னெல்லாம் ஜனவரின்னா வீடே ஒரே வாசனையா இருக்கும்" என்றார் ஒருமுறை, அங்கிள் இல்லாதபோது. "இப்ப அவரு ஒரு வாசன. நான் ஒண்ணுமே இல்ல."

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல குளிர். ஆன்ட்டி வெயில் விழுந்த வாசற்படியில் உட்கார்ந்து கோங்குரா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அங்கிள் முகம் பளபளக்க வெளியே வந்தார். விரலில் அந்த வெள்ளைக் குமிழ். ஆன்ட்டியைப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டர் பக்கம் நடந்தார்.

"இன்னாங்க" என்றார் ஆன்ட்டி, கீரையிலிருந்து தலையைத் தூக்காமல். "முகத்துக்குத்தான நக்கோன்னாங்க."

புடவையைச் சற்று ஒதுக்கி வலது காலை நீட்டினார். குதிகால் முழுக்கப் பனி வெடிப்பு.

அங்கிள் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டு ராகேஷ் அண்ணன் பைக் துடைப்பதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். ஆன்ட்டியின் காலை எடுத்து மடியில் வைத்து, விரலில் இருந்ததை வெடிப்பு வெடிப்பாகத் தடவினார். பாதிக் குதிகாலுக்கே தீர்ந்துபோயிற்று. சட்டைப் பையிலிருந்து கறுப்பு ட்யூபை எடுத்து இன்னும் கொஞ்சம் பிதுக்கினார்.