இருபத்தெட்டு என்று எழுதிய கை

என் தங்கை எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் சுவரைத் தொட்டுப் பார்ப்பாள். வங்கியாக இருக்கட்டும், பல் டாக்டர் அறையாக இருக்கட்டும், டோக்கன் வாங்குவதற்கு முன் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள்.

"என்னடி, காய்ச்சல் பார்க்கிறியா?" என்று கேட்பேன்.

"ஆமாக்கா, லேசா சுடுது" என்பாள்.

வீட்டில் அவளைச் சின்னவள் என்றே கூப்பிடுவோம். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் படிப்பை ஐந்து வருஷம் படித்தவள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். "ரெண்டு பேருமே அஞ்சுதான்க்கா" என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் குடும்பம் கீழே இருக்கிறது. மாடியறையில் நான் இருக்கிறேன். பத்து நிமிஷ நடையில் இருக்கும் ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறேன்.

அவள் படித்து முடித்துப் பதிவும் வாங்கிய மூன்றாம் வருஷம் மாமியார் படுக்கையில் விழுந்தார். ஒன்பது வருஷம் அந்தப் படுக்கையைச் சுற்றியே ஓடியது. அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஆனால் கட்டடக்கலைஞர்களுக்கு ஒரு விதி உண்டு. படித்ததோடு விட்டுவிடக் கூடாது. இத்தனை வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் என்று புதிய வகுப்புகளுக்குப் போய்ச் சான்றிதழ் காட்டினால்தான் பதிவைப் புதுப்பிப்பார்கள். மருந்து வேளை பார்க்கிறவள் வகுப்பு வேளையை எங்கே பார்ப்பாள்? பதிவு காலாவதியாகிவிட்டது.

மாமியார் போன பிறகு ஓர் ஆபீசில் வரைகிற வேலைக்குச் சேர்ந்தாள். பதினொரு வருஷமாக அவள் வரைகிறாள், முதலாளி கையெழுத்துப் போடுகிறார். வரைபடத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். கட்டடம் யாருடையது, யார் பொறுப்பு என்பது அந்தக் கட்டத்தில்தான். நாங்கள் தைக்கிற சட்டையில் யாரோ ஒருவர் பெயர் போட்ட துண்டை வைத்துத் தைக்கிறோமே, அது மாதிரி.

"நீ தைச்ச சட்டையை ரோட்டுல ஒருத்தர் போட்டுட்டுப் போனா உனக்கு எப்படிக்கா இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எனக்கென்ன, காலர் மடங்காம நிக்குதான்னு பார்ப்பேன்."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்று சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அவ்வளவுதான் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

போன வருஷம் எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் சேர்ந்து குழந்தைகள் காப்பகம் ஒன்று கட்டுவதென்று முடிவு செய்தார்கள். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம். கமிட்டித் தலைவி எங்கள் தொழிற்சாலையிலேயே பட்டன் தைக்கிறவர். "உங்க தங்கச்சியே வரையட்டும், கையெழுத்தும் அவங்களே போடட்டும். அடுத்த மாசக் கடைசிக்குள்ள அனுமதிக்குக் கொடுத்தாகணும், அதுவரைக்கும் காத்திருக்கோம்" என்றார். அதைச் சொன்னதும் சின்னவள் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். வெகு நேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

பதிவைப் புதுப்பிக்க அவளுக்கு ஒரே ஒரு வகுப்புதான் பாக்கி இருந்தது. மற்ற மணிகளை இரண்டு வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்துவிட்டாள். கடைசி வகுப்பு, பூமிக்குக் கெடுதல் குறைவாகக் கான்கிரீட் போடுவது பற்றி. சிமெண்டைச் சூளையில் சுடும்போது கிளம்பும் புகை உலகத்தையே சூடாக்குகிறதாம். அதனால் சிமெண்டில் பாதியைக் குறைத்து, இரும்பு உருக்கும் உலையில் மிஞ்சும் கசடைத் தூளாக்கிச் சேர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். சனிக்கிழமை தோறும் போவாள். வந்து எனக்கும் சொல்லுவாள். எனக்குப் புரிந்தது இதுதான்: கசடு சேர்த்த கான்கிரீட் பொறுமைசாலி. மெதுவாகத்தான் இறுகும். இறுகிவிட்டால் மற்றதை விட உறுதி.

ஒவ்வொருவரும் தாங்களே ஒரு கலவை முடிவு செய்து, அரையடி அளவில் ஆறு கட்டிகள் வார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துப் பிறகு இயந்திரத்தில் அமுக்கி உடைத்துப் பார்ப்பார்கள். வார்க்கும் முன்பே ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எவ்வளவு பலம் வரும், எத்தனையாவது நாளில் வரும் என்று. சாதாரணக் கான்கிரீட்டுக்கு இருபத்தெட்டு நாள் கணக்கு. மெதுவாக இறுகுவதற்கு ஐம்பத்தாறு என்று எழுதலாம். அப்படி எழுதியவர்களுக்கு இருபத்தெட்டாம் நாள் பதினெட்டுப் புள்ளி வந்தாலே போதும், சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். இருபத்தெட்டு என்று எழுதியவர்களுக்கு அன்றைக்கே முழு இருபத்தைந்து வந்தாக வேண்டும்.

இருபத்தெட்டாம் நாள் என் விடுமுறையில் வந்தது. நானும் கூடப் போனேன். காலையில் ஜெபம் செய்யும்போது வேறு எதுவும் கேட்கவில்லை, அவள் பெயர் அந்தக் கட்டத்தில் ஏறட்டும் என்று மட்டும் கேட்டேன்.

சோதனைக்கூடம் நீளமான தகரக் கூரை அறை. கம்பி வலைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். சோதனைக்கூடத்துக்காரர் முதல் கட்டியைத் தட்டின் மேல் வைத்தார். இயந்திரத்தின் முள் மெல்ல ஏறியது. இருபத்திரண்டில் 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்ததும் இருபத்திரண்டு. மூன்றாவது இருபத்திரண்டரை.

"பதினெட்டு வந்தாப் போதும்னியே, இது தாராளமாச்சே!" என்று நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

சோதனைக்கூடத்துக்காரர் படிவத்தைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். "மேடம், நீங்க இருபத்தெட்டுன்னு எழுதியிருக்கீங்களே?"

அவள் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். இருபத்தெட்டு, அழகாக, திருத்தம் இல்லாமல். நோட்டில் ஐம்பத்தாறு என்று இரண்டு முறை அடிக்கோடு போட்டு வைத்திருந்தவள். படிவத்தில் மட்டும் கை தானாக எழுதியிருக்கிறது.

"பதினொரு வருஷமா ஒவ்வொரு வரைபடத்துலயும் இருபத்தெட்டு, இருபத்தெட்டுன்னே எழுதின கைக்கா" என்றாள்.

அவர் நல்ல மனிதர். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஒரு நம்பர்தானே மேடம். வேற படிவம் தர்றேன், எழுதிக் கொடுத்துடுங்க. உங்க கலவையில தப்பே இல்லை. எனக்குத் தெரியாதா?" என்றார்.

நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் என் மனசு, 'வாங்கு, வாங்கு' என்றுதான் அடித்துக்கொண்டது. காலையில் கேட்டதை ஆண்டவன் இவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்றே நினைத்தேன். அவள் முழங்கையை லேசாக இடிக்கவும் செய்தேன்.

சின்னவள் புதுப் படிவத்தைக் கையில் வாங்கினாள். எண் எழுத வேண்டிய காலி இடத்தைப் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாங்க. நாங்க கட்டப்போற குழந்தைங்க காப்பகத்துக் கூரைக்கும் இதே கலவைதான். இதே எண்ணை நான் அந்த வரைபடத்துல எழுதியிருந்தா, அதை நம்பி இருபத்தெட்டாம் நாளே முட்டுகளை எடுத்திருப்பாங்க. கீழே குழந்தைங்க தூங்குற இடம்."

முட்டு என்றால், கூரைக் கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கி நிற்கும் கம்பங்கள்.

"அது வேற, இது வேற மேடம்."

"எழுதுற கை ஒண்ணுதானேங்க" என்றாள்.

மீதி மூன்று கட்டிகளை ஐம்பத்தாறாம் நாள் கொண்டுவந்தால் மறுபடி சோதித்துச் சான்றிதழ் தருவதாக வகுப்பு நடத்தியவர் சொன்னார். ஆனால் அங்கே தொட்டி அடுத்த வகுப்புக்கு வேண்டுமாம். ஆளுக்குக் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். ஒவ்வொன்றும் எட்டுக் கிலோவுக்கு மேல். ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தோம்.

"என்னம்மா அது, இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கீங்க?" என்றார் கண்டக்டர்.

"கான்கிரீட்டுங்க."

"ஊர்ல உங்களுக்கு வேற கல்லே கிடைக்கலையா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. சின்னவளும் சிரித்தாள். ஜன்னலில் காற்று பலமாக இருந்ததால் கண் கலங்கியதாகச் சொன்னாள். ஜன்னல் மூடித்தான் இருந்தது.

குளியலறைப் பெரிய தொட்டியில் மூன்றையும் இறக்கினோம். அவள் மகள் கல்லூரியில் படிக்கிறவள், வாய் ஜாஸ்தி. "பெரியம்மா, நான் தங்கச்சி கேட்டப்பல்லாம் அம்மா கொடுக்கல. இப்ப மூணு ஒண்ணாக் கொண்டு வந்துட்டாங்க!" என்றாள். சின்னவளின் வீட்டுக்காரர் துண்டோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் எங்க குளிக்கிறது?" என்றார். "பக்கெட்டுல குளிங்க, அதுங்க முக்கியம்" என்று மகள் விரட்டினாள். குடும்பமே இருபத்தெட்டு நாள் பக்கெட்டில் குளித்தது. தினமும் வேலைக்குப் போகுமுன் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்ப்பது என் வேலை. ஜெபம் முடித்து எழுந்து நேராக அங்கேதான் போவேன்.

மாசக் கடைசி வந்தது. கமிட்டித் தலைவி மாடிக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்து, "இனிமே காத்திருக்க முடியாதுக்கா" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இருபத்து நான்கு குழந்தைகள் தையல் மேசைக்கு அடியில் துணிக்கட்டு மேல் தூங்குகிறார்கள்.

சின்னவள் தானே முதலாளியிடம் போனாள். அவர் வரைபடத்தை முழுக்கப் பார்த்தார். "உன் வேலை. என் பேரு போடறது எனக்கே சங்கடமா இருக்கும்மா" என்றாராம். கூரை போடுவதற்குள் ஐம்பத்தாறாம் நாள் முடிவு வந்துவிடும், பலம் வராவிட்டால் கலவையை மாற்றிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். மூலைக் கட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள், கட்டத்துக்கு மேலே ஒரு குறிப்பைத் தன் கையாலேயே எழுதிக்கொள்ள. எழுதினாள்: 'இந்தக் கலவை முழுப் பலம் பெறுவது ஐம்பத்தாறாம் நாளில். அதற்கு முன் முட்டுகளை எடுக்க வேண்டாம்.'

ஐம்பத்தாறாம் நாள் மறுபடி அந்தத் தகரக் கூரைக்குப் போனோம். முள் இருபத்தைந்தைத் தாண்டியது. முப்பதைத் தாண்டியது. முப்பத்து நான்கில்தான் உடைந்தது. சோதனைக்கூடத்துக்காரர் கைதட்டினார். நான் கண்ணை மூடி நன்றி சொன்னேன். சின்னவள் உடைந்த துண்டு ஒன்றைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சான்றிதழை வாங்கிப் பதிவுக்கு அனுப்பியாயிற்று. முந்தின பட்டியல் முடிந்துவிட்டதால் இனி பதில் வர மூன்று மாதம் ஆகுமாம்.

காப்பகத்துக்குக் கூரை போட்டுவிட்டார்கள். நேற்று வேலை முடிந்து அந்த வழியாக வந்தேன். சின்னவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே காடு மாதிரி முட்டுக் கம்பங்கள். மேஸ்திரி வரைபடத்தை விரித்து ஆளிடம் சலித்துக்கொண்டிருந்தார்: "இருபத்தெட்டு நாள்ல எல்லாத்தையும் கழட்டி அடுத்த வேலைக்குக் கொண்டு போயிருப்பேன். யாருப்பா இது, ஐம்பத்தாறு நாள் காத்திருக்கச் சொல்ற ஆளு?"

நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதியிருக்காங்கள்ல அண்ணே, காத்திருங்க" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு தாழ்வாரத்துக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். எப்போதையும் விட அதிக நேரம் வைத்திருந்தாள். நான் கேலி எதுவும் செய்யவில்லை.

"சுடுதாடி?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்லக்கா. ஜில்லுன்னு இருக்கு." கையை எடுக்காமலே தொடர்ந்தாள். "இதுக்கு ஒரு மதில் சுவர் வேணுமாம். தலைவி கேட்டாங்க. முப்பதடிதான். வரைஞ்சு வச்சிருக்கேன். பிள்ளைங்களைக் கூப்பிட வர்ற அம்மாங்க உட்கார, சுவரோட சேர்த்து ஒரு திட்டும் போட்டிருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் காட்டினாள். பீரோ மேல் சுருட்டி வைத்திருந்தாள். கோடெல்லாம் முடிந்திருந்தது. வலது கீழ் மூலையில் சின்னக் கட்டமும் போட்டிருந்தாள். அதற்குள் ஒன்றும் எழுதவில்லை. தபால்காரர் இன்றைக்கும் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்.